தமிழ்நாட்டு மின்சாரம் பசுமையாவதில் மக்கள் குரல் எங்கே எடுபடும்? முழுமையான வழிகாட்டி

2012இல் தமிழ்நாடு அரசு ஒரு சூரிய சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2015க்குள் 3,000 மெகாவாட் என்பது அதன் இலக்கு. எட்டவில்லை. 2019இல் அடுத்த கொள்கை வந்தது: 2023க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 விழுக்காட்டை நுகர்வோரே தங்கள் இடத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். அதாவது 3,600 மெகாவாட் நம் வீட்டு மாடிகளிலும் பள்ளி, கடை, பட்டறைக் கூரைகளிலும் வந்திருக்க வேண்டும். அதன் பக்கத்தில்கூட நாம் போகவில்லை.

வெயிலுக்கு இங்கே பஞ்சம் கிடையாது. பேனல் விலையும் அந்த ஆண்டுகளில் இறங்கிக்கொண்டேதான் வந்தது. சிக்கல் எங்கே என்றால், கொள்கை அறிக்கைக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவே. கட்டண ஆணை, நெட் மீட்டர் (கூரை சோலார் தரும் மின்சாரத்தை நாம் எடுப்பதிலிருந்து கழித்துக் கணக்கிடும் மீட்டர்) விதி, டிரான்ஸ்பார்மரில் இடம் இருக்கிறதா என்ற கேள்வி, லட்சம் கோடியைத் தாண்டிய வாரியத்தின் நட்டம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. எரிசக்தி மாற்றத்தை உண்மையில் ஆள்வது இவைதான். இதில் பெரும்பகுதி சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ஆனால் அங்கே தொடர்ந்து போய் உட்காருபவர்கள் ஆலைச் சங்கங்களும் மின் உற்பத்தி நிறுவனங்களும்தான். வார்டு உறுப்பினர், குடியிருப்போர் சங்கச் செயலாளர், சிறு பட்டறைக்காரர், விவசாயி, கல்லூரி மாணவர் என யார் வேண்டுமானாலும் அங்கே போகலாம். போக வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். அதற்கான வழி கீழே.

படி 1: ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்

"பருவநிலை மாற்றத்துக்கு அரசு என்ன செய்கிறது?" என்று கேட்டால் எந்த அலுவலகமும் பதில் சொல்லாது; சொல்லவும் முடியாது. "எங்கள் பிரிவு அலுவலகத்தில் கூரை சோலாருக்கு விண்ணப்பித்தவர்களுக்கு மீட்டர் மாட்ட எத்தனை நாள் ஆகிறது?" என்று கேட்டால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். கேள்வியில் ஓர் இடம், ஒரு காலம், ஓர் அலுவலகம் மூன்றும் இருக்கட்டும். ஓராண்டுக்கு அந்த ஒன்றையே தொடருங்கள்.

படி 2: எந்தக் கதவு யாருடையது?

மின்சாரம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். தவறான கதவைத் தட்டி ஆறு மாதத்தை வீணாக்குவது இதனால்தான் சுலபமாக நடக்கிறது.

பெரிய இலக்குகளும் மானியத் திட்டங்களும் டெல்லியில் முடிவாகின்றன. 2030க்குள் நிறுவுதிறனில் (மின் நிலையங்களின் மொத்தத் திறனில்) பாதி புதைபடிவம் (நிலக்கரி, எரிவாயு போன்றவை) சாராததாக இருக்கும், 2070இல் நிகர உமிழ்வு பூஜ்யம் என்பவை இந்தியா உலகுக்குக் கொடுத்த வாக்குறுதிகள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியமும் அங்கிருந்துதான் வருகிறது: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000.

மின்சாரத்தைத் தயாரிப்பது, கொண்டுவருவது, விற்பது பற்றிய முடிவுகள் சென்னையில். நாம் இன்னும் "ஈ.பி." என்றே சொல்லும் மின்வாரியம் 2010இலேயே பிரிக்கப்பட்டது. 2024இல் மறுபடி பிரிந்து, பகிர்மானத்துக்கு ஒரு கழகம், அனல் உள்ளிட்ட உற்பத்திக்கு ஒன்று, பசுமை எரிசக்திக்கு ஒன்று என்றானது. மின்தொடர் கோபுரங்களைப் பார்த்துக்கொள்ளும் தொடரமைப்புக் கழகம் தனி. உங்கள் பில்லும் மீட்டரும் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு.

இவர்கள் எல்லோருக்கும் மேலே, அரசுத் துறையாக இல்லாமல், நீதிமன்றம் போல விசாரித்து ஆணையிடும் ஓர் அமைப்பு இருக்கிறது: தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டணம் எவ்வளவு, சோலாரிலிருந்து வாரியம் வாங்கும் விலை எவ்வளவு, காற்றாலை மின்சாரத்தை "பேங்கிங்" செய்து வைக்கலாமா (மிஞ்சும்போது வாரியத்திடம் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாமா) என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்த ஆணையம்தான். முதலமைச்சருக்கு அனுப்பும் மனுவில் நூறில் ஒரு பங்கு இங்கே வந்தால் எவ்வளவோ மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொரு கதவும் உண்டு, பலருக்குத் தெரியாதது. தமிழ்நாடு பருவநிலை மாற்ற இயக்கத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரே இயக்குநர், மாவட்ட வன அலுவலர் பருவநிலை அலுவலர். உங்கள் மாவட்டத்துக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறார்கள் என்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலேயே எழுதிக் கேட்கலாம்.

படி 3: மெகாவாட்டையும் யூனிட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

மெகாவாட் என்பது ஒரு நிலையம் அதிகபட்சமாகத் தரக்கூடிய திறன்; யூனிட் என்பது உண்மையில் ஓடி வந்த மின்சாரத்தின் அளவு. அறிவிப்புகள் மெகாவாட்டில் வரும். நாம் எரிப்பதும் காசு கட்டுவதும் யூனிட்டில். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். 2006இல் சுமார் 1.55 கோடி ரூபாய் செலவில், தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை அந்த ஊராட்சி வாங்கியது. காற்றாலை வருடம் முழுக்க, இரவு பகலாக, முழுத் திறனில் சுற்றினால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் வரும். உண்மையில் கிடைத்தது ஏறக்குறைய 6.75 லட்சம். கணக்கிட்டால் 22 விழுக்காடு. இது குறையில்லை. காற்று மே முதல் செப்டம்பர் வரை நன்றாக வீசும், மற்ற மாதங்களில் அடங்கிவிடும். அதனால் நிறுவுதிறன் எவ்வளவு என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பெருமையும் படக் கூடாது, குறையும் சொல்லக் கூடாது.

நாட்டு அளவிலும் இதே கதை. 2025இல் நிறுவுதிறனில் பாதி புதைபடிவம் சாராதது என்ற இலக்கை இந்தியா ஐந்தாண்டு முன்னதாகவே எட்டியது. ஆனால் ஓர் ஆண்டில் உற்பத்தியாகும் மொத்த யூனிட்டில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அறிவிப்பு ஒன்று வந்தால் மூன்றைக் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை யூனிட்? எந்த மாதத்தில், எந்த நேரத்தில்? அந்த நேரத்தில் எந்த அனல் நிலையம் குறைவாக ஓடும்?

மூன்றாவது கேள்விதான் கடினம். மாலையில் சூரியன் இறங்கிய பிறகு விளக்கும் ஏசியும் ஓட வேண்டும். வால்பாறைப் பக்கம் உள்ள காடம்பாறையில் 1980களிலேயே 400 மெகாவாட் நீரேற்று நிலையம் கட்டினார்கள்: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. அதற்கு அடுத்ததாக நீலகிரியில் தொடங்கிய 500 மெகாவாட் குந்தா திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சேமிப்புத் திட்டங்களின் தாமதம் செய்தியில் பெரிதாக வருவதில்லை. அதைக் கேட்பவர் நீங்களாக இருங்கள்.

படி 4: படிக்க வேண்டிய காகிதங்கள்

எரிசக்தித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு முதலில். ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும்; தமிழிலேயே கிடைக்கும். மூன்று ஆண்டுக் குறிப்புகளை அருகருகே வைத்துப் படியுங்கள். ஒரே திட்டம் மூன்றிலும் "விரைவில் முடியும்" என்று இருந்தால் உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

அடுத்து ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள கட்டண மனுவும் ஆணையும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. மின்கொள்முதல் செலவு, மின்னிழப்பு, புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கடமை ஆகிய மூன்று அத்தியாயங்கள் போதும். கடமை என்றால், பகிர்மான நிறுவனம் விற்கும் மின்சாரத்தில் இத்தனை விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம். மத்திய அரசு 2023 அக்டோபரில் அறிவித்தபடி அது 2024-25இல் 29.91 விழுக்காடு, ஆண்டுதோறும் ஏறி 2029-30இல் 43.33 விழுக்காடு. நம் மாநிலம் எந்த ஆண்டு எவ்வளவு நிறைவேற்றியது என்பதை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காகிதத்தில் இல்லாதது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிடைக்கும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் தரத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "கடந்த நிதியாண்டில் இந்தப் பிரிவு அலுவலகத்துக்கு வந்த கூரை சூரிய மின் விண்ணப்பங்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் விண்ணப்ப நாள், மீட்டர் பொருத்திய நாள் ஆகியவற்றைக் காட்டும் பதிவேட்டின் நகல் தரவும்." ஆவணத்தைக் கேட்டால் ஆவணம் வரும்.

படி 5: ஆட்சேபணைக் கடிதம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

மின்சாரச் சட்டம் 2003இன் 64ஆம் பிரிவு சொல்வது: கட்டணத்தை மாற்றக் கேட்கும் நிறுவனம் தன் மனுவைச் சுருக்கமாக வெளியிட வேண்டும், ஆணையம் பொதுமக்களின் கருத்தையும் ஆட்சேபணையையும் கணக்கில் எடுத்த பிறகே, மனு வந்த 120 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2022இல் பெரிய கட்டண உயர்வு வந்தபோது கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அந்த உயர்வைக் கொண்டுவந்த ஆணையின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த சில ஆண்டுகளுக்கான கட்டணமும் அதோடு கூரை சோலார், பேங்கிங் போன்றவற்றின் தலையெழுத்தும் அதற்கடுத்த சுற்றில்தான் முடிவாகும். தயாராக இதைவிட நல்ல நேரம் இல்லை.

கடிதத்தில் நான்கு விஷயம் போதும்: நீங்கள் யார், மனுவின் எந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஏன் ஏற்க முடியாது, என்ன வேண்டும். கடைசியை ஒரே வரியில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, கோவையில் பகல் ஷிப்ட் மட்டும் ஓட்டும் லேத் பட்டறைக்காரர் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"நான் 15 கிலோவாட் தாழ்வழுத்தத் தொழில் இணைப்பு வைத்திருக்கும் நுகர்வோர். மனுவின் இன்ன பக்கத்தில் உள்ள கட்டண அட்டவணையில் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் உள்ளது. பகல் சூரிய நேரத்துக்குக் கழிவு இல்லை. மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2023 திருத்தம், 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் நுகர்வோருக்குச் சூரிய நேரக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. சூரிய மின்சாரம் அதிகமாகக் கிடைக்கும் நேரத்தில் நான் இயந்திரத்தை ஓட்டுகிறேன். எனவே எனது கட்டணப் பிரிவுக்கும் அந்தக் கழிவைச் சேர்த்து ஆணையிட வேண்டுகிறேன்."

மனுவில் அந்தக் கழிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் இப்படி எழுத வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். கூடவே சின்னக் கணக்கு ஒன்றையும் சேருங்கள். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 விழுக்காடு என்பது 1.60 ரூபாய், பகலில் மாதம் 1,500 யூனிட் ஓடினால் 2,400 ரூபாய். உங்கள் பில்லில் உள்ள உண்மையான எண்ணைப் போட்டு, பில் நகலையும் இணையுங்கள். கொள்கை பேசும் பத்துப் பக்கத்தைவிட ஒரு பில்லோடு வரும் ஒரு பக்கம் அதிகம் எடுபடும்.

இதெல்லாம் பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு: 2022இல் தாழ்வழுத்தத் தொழில்களுக்கு விதிக்கப்பட்ட 25 விழுக்காடு உச்ச நேரக் கட்டணம், சிறு தொழில்கள் விடாமல் எதிர்த்த பிறகு அதே ஆண்டு 15 விழுக்காடாகக் குறைந்தது.

படி 6: கூட்டத்தில் பேசுவது

பெயரைப் பதிந்துவிட்டு, எழுதிக் கொடுத்ததன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று நிமிடம்தான் கிடைக்கும். தமிழில் பேசுங்கள். கேட்பதை முதல் வரியில் சொல்லிவிடுங்கள், காரணம் அப்புறம். முந்தையவர் சொன்னதையே சொல்லப்போகிறீர்கள் என்றால் "அவர் சொன்னதை ஆதரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் புதிய ஒன்றைச் சேருங்கள். எழுத்தில் கொடுத்தது மட்டும்தான் ஆணையில் நிச்சயமாகப் பதிவாகும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

படி 7: ஊருக்குப் புதிய ஆலை வந்தால்

நிலக்கரி அனல் நிலையம் என்றால் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்பு உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிக்க வேண்டும், சுருக்க அறிக்கை தமிழில் கிடைக்க வேண்டும், கூட்டம் முழுக்க வீடியோ எடுக்கப்பட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் எழுத்தில் பதியுங்கள்.

சூரிய மின் பூங்காவுக்கும் காற்றாலைக்கும் அந்த அனுமதி தேவையில்லை. ஆகவே கருத்துக் கேட்பும் இல்லை. தூய எரிசக்தியை வேகமாகக் கொண்டுவர இது உதவியது என்பது உண்மை. ஆனால் 2016இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் வந்த 648 மெகாவாட் நிலையம் போல ஒன்று சுமார் 2,500 ஏக்கரில் பரவும்போது, ஆடு மேயும் இடம், கண்மாய்க்கு வரும் வரத்துக்கால், பேனல் கழுவ எடுக்கும் தண்ணீர் எல்லாம் கேள்வியாகின்றன. மேய்ச்சல் நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர் யாரும் இல்லை என்பதால் அதை இழப்பவருக்கு இழப்பீடும் இல்லை. பசுமை என்ற பெயருக்காக இதைப் பேசாமல் விட்டால், அடுத்த திட்டத்தை ஊரே எதிர்க்கும்.

அப்போது கையில் இருப்பது கிராம சபை. இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் உணர்ச்சியைவிட சர்வே எண் முக்கியம். எந்த வரத்துக்கால், எந்த மேய்ச்சல் புறம்போக்கு, எத்தனை பனைமரம் என்று எழுதுங்கள். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசே அறிவித்திருக்கிறது. தீர்மான நகலை ஆட்சியருக்கும் பசுமை எரிசக்திக் கழகத்துக்கும் அனுப்புங்கள். திட்டத்தை நிறுத்தக் கேட்கிறீர்களா, இடத்தை மாற்றக் கேட்கிறீர்களா, ஊருக்குப் பங்கு கேட்கிறீர்களா என்பதில் ஊர் முதலில் ஒத்துப்போக வேண்டும்.

படி 8: மூடப்படும் இடத்தையும் பாருங்கள்

எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. புகைபோக்கி நின்றதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. வடசென்னை அனல் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்திருக்க, இறால் பிடித்து வாழ்ந்தவர்கள் அதை அனுபவிக்கிறார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி ஒரு நகரத்தையே கட்டியது. 2023இல் அங்கே வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிரின் மேல் இயந்திரம் ஓடியதையும் பார்த்தோம். நிலம் கொடுத்த குடும்பங்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் நாளைய மாற்றத்தில் எங்கே நிற்பார்கள்?

ஜார்கண்ட் அரசு 2022இல் இதற்கென்றே ஒரு பணிக்குழுவை அமைத்தது, இந்தியாவில் முதலாவதாக. தமிழ்நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள். கேட்க வேண்டியது மூன்று: எந்த அலகு எந்த ஆண்டு மூடப்படும், சாம்பல் குளத்தை யார் காசில் சுத்தம் செய்வது, ஒப்பந்தத் தொழிலாளருக்கு என்ன வேலை, என்ன பயிற்சி.

படி 9: உங்கள் கூரையிலும் ஊராட்சியிலும்

சோலார் போட நினைத்தால் உரிமைகளைத் தெரிந்துகொண்டு செக்‌ஷன் ஆபீசுக்குப் போங்கள். நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தப்படி 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. 5 கிலோவாட் வரை டிரான்ஸ்பார்மரை வலுப்படுத்தும் செலவு நிறுவனத்துடையது. அமைத்து முடித்த பிறகு 15 நாளுக்குள் இயக்கத்துக்கு வர வேண்டும். தாமதமானால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுங்கள். வக்கீல் வேண்டாம். அங்கே சரியாகவில்லை என்றால் மின் குறைதீர்ப்பாளர். அந்த உத்தரவுகள் அடுத்த நுகர்வோருக்கு முன்னுதாரணமாகக் காட்ட உதவும்.

ஊராட்சிக்கு வந்தால், ஓடந்துறை ஒரே நாளில் காற்றாலைக்குப் போகவில்லை. முதலில் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டும் பில்லைப் பார்த்தார்கள், அப்புறம் மரத்துண்டுகளிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனை வைத்துத் தண்ணீர் இறைத்துப் பார்த்தார்கள், அதன் பிறகுதான் காற்றாலை. மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று வந்த வருமானத்தில் கடனைக் கட்டினார்கள். உங்கள் ஊராட்சியின் ஓராண்டு மின் செலவை அடுத்த கிராம சபையில் படிக்கச் சொல்வதே நல்ல தொடக்கம்.

படி 10: ஆணை வந்த பிறகு

ஆணையில் உங்கள் ஆட்சேபணை எந்தப் பத்தியில் பதிவாகியிருக்கிறது, என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். பதிலே இல்லை என்றால் அதுவே மேல்முறையீட்டுக்கு ஒரு காரணம். டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 45 நாளுக்குள் போகலாம். அதற்குச் செலவு ஆகும் என்பதால் சங்கமாகச் சேர்ந்து போவது நல்லது. சூரிய மின் நிலையங்களை மின்கம்பி வலைப்பின்னலின் (கிரிட்) பாதுகாப்புக்காக இல்லாமல் வேறு காரணத்துக்காக நிறுத்திவைத்தது தவறு என்றும் இழப்பீடு தர வேண்டும் என்றும் 2021 ஆகஸ்டில் அந்தத் தீர்ப்பாயம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் சொன்னது. அந்த வழக்கில் போனவர்கள் உற்பத்தியாளர்கள். நுகர்வோர் பக்கத்திலிருந்தும் அப்படி வழக்குகள் வர வேண்டும்.

கடிதம், ஒப்புகை அட்டை, தகவல் உரிமைப் பதில், ஆணையின் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வரிசையில் வையுங்கள். அடுத்த மனு வரும்போது முதல் பத்தியில் பழைய ஆணையின் எண்ணையும் தேதியையும் போட்டு, "அன்று ஆணையம் இப்படிச் சொன்னது, இன்றுவரை நடந்தது இவ்வளவு" என்று தொடங்குங்கள்.